மணலில் இறங்கிய உறை

கேளுங்கள். ஆற்றுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, அதன் கரைக்கு இன்னும் வைக்கவில்லை என்னும் அளவுக்குப் பழைய காலம். அப்போது அந்த ஆற்றோரம் ஒரு நகரம் இருந்தது. ஆதிரையன் என்ற அரசன் அதை ஆண்டான்.

ஆதிரையன் கெட்டவன் அல்ல. தீங்கான சட்டம் செய்தவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல.

அவனுக்குப் புதுப் பொருள்கள் மேல் ஆசை. புது ஏற்றம், புதுத் தறி, புதுப் பூட்டு, எது வந்தாலும் வாசலுக்குத் தானே வந்து பார்ப்பான். செய்தவனுக்குப் பரிசு கொடுப்பான். பரிசு வந்ததும் சண்டையும் வந்தது. இது நான் நினைத்தது என்றான் ஒருவன். நான் நினைத்ததை இவன் திருடினான் என்றான் இன்னொருவன். இவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பே என் மாமனார் இதை நினைத்துவிட்டார் என்றான் மூன்றாமவன். தினமும் இந்த வழக்கைக் கேட்டுக் கேட்டு அரசன் அலுத்துப்போனான்.

ஒருநாள் அரண்மனை வாசலில் ஒரு கல்லை நடச் சொன்னான். அதற்குப் பிறப்புக் கல் என்று பெயர் வைத்தான். புதுப் பொருள் கொண்டுவருகிறவர் அதன்மேல் ஏறி நின்று, "இது என் தலையில் பிறந்தது, வேறு எவர் தலையிலும் பிறக்கவில்லை" என்று மூன்று முறை சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் அந்தப் பொருள் அவருடையது. அதில் வேறு எவரும் கை வைக்கக் கூடாது. அதை இப்படி மாற்று, அப்படித் திருத்து என்று வாய் திறக்கவும் கூடாது. மீறினால் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். செய்த சத்தியம் பொய் என்றால், செய்தவருடைய வலக்கை போகும்.

சண்டை நின்றது. அரசன் மகிழ்ந்தான்.

பிறகு மெல்ல மெல்ல இன்னொன்றும் நின்றது. நெசவாளர்கள் தறிக்கு முன்னால் பாய் கட்டித் தொங்கவிட்டார்கள். கொல்லர்கள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு புகைக்குள் இருமினார்கள். என்ன செய்கிறாய் என்று யாரைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்றார்கள். கணவன் மனைவியிடம் சொல்லவில்லை. மனைவி அண்ணனிடம் சொல்லவில்லை. கல்லின்மேல் ஏறுகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு எவரும் ஏறவில்லை. கல்லில் காக்கை உட்கார்ந்தது.

அரசனுக்குக் காரணம் விளங்கவில்லை. சபையில் கேட்டான். கிரகம் சரியில்லை என்றார் சோதிடர். சோறு மிஞ்சிப்போய் மூளை மந்தமாகிவிட்டது என்றார் வைத்தியர். மக்களுக்கு நன்றியில்லை என்றார் படைத்தலைவர். கல்லைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்த நிலையில்தான் மழை பொய்த்தது. ஒரு வருடம் பொய்த்தது, பொறுத்தார்கள். அடுத்த வருடமும் பொய்த்தது, மாடுகளை விற்றார்கள். மூன்றாம் வருடம் ஆறு வெறும் மணலானது. ஊர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர் ஏறியது. பெரிய குளத்தில் சேறுதான் மிச்சம். அந்தச் சேற்றைத் துணியில் பிழிந்து குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள்.

ஆற்று மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதுவரை தோண்ட முடியாது என்பதும் தெரியும். ஆள் உயரம் தாண்டினால் மணல் சரியும். சரிந்தால் உள்ளே இருப்பவன் அங்கேயே இருப்பான். அப்படி மூன்று பேர் போனார்கள். மூன்றாமவன் கிணறு வெட்டும் கோடனின் தம்பி.

கோடனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. தம்பியின் காரியம் முடிந்த கையோடு, வீட்டில் உடைந்துபோன பானைக்குப் பதில் வாங்கச் சேந்தியின் சூளைக்குப் போனான். சேந்தி மண்பாண்டம் செய்கிறவள். கணவன் இறந்த பின் சூளையைத் தனியாக நடத்திவந்தாள். கோடனைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நாக்கு சூளையைவிடச் சூடு என்று ஊரில் பேச்சு.

முற்றத்தில் குதிர் உறைகள் கிடந்தன. குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கும் மண்கூடு. உறை எனப்படும், அடியும் மேலும் திறந்த வளையங்களைச் சுட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது. நெல்லே இல்லாத ஊரில் குதிர் யாருக்கு வேண்டும்? உறைகள் விற்காமல் மணலில் நின்றன. ஓர் உறைக்குள் சேந்தியின் கோழி குதித்து, குளிர்ச்சி தேடிக் காலால் மணலைக் கிளறி வெளியே வாரியடித்துக்கொண்டிருந்தது. அந்த உறை மற்றவற்றைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது.

சேந்தி கோழியைத் திட்டினாள். கிளறிக் கிளறி உறையை மண்ணுக்குள் இறக்கிவிட்டது, இனி அதைத் தோண்டி எடுப்பது யார் என்றாள். கோடனின் முகத்தைப் பார்த்தாள். துக்க வீட்டிலிருந்து வந்தவனைச் சிரிக்கவைக்க நினைத்தோ என்னவோ, ஒரு வார்த்தை சொன்னாள்.

"நீங்களெல்லாம் குழி தோண்டிவிட்டு அப்புறம் சுவர் கட்டுகிறீர்கள். என் கோழி சுவருக்குள் உட்கார்ந்து தோண்டுகிறது. அதைக் கூலிக்கு வைத்துக்கொள், தம்பி."

கோடன் சிரிக்கவில்லை. பானையை வாங்காமல் திரும்பிப் போனான்.

மறுநாள் வந்தான். ஆள் உட்காரும் அகலத்தில், அடியில்லாத வளையங்கள் வேண்டும் என்றான். எதற்கு என்று கேட்டாள். அவளிடம் சொல்லலாம் என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது. கல் நினைவுக்கு வந்தது. சொன்னால் அவள் தலையிலும் அது பிறந்துவிடும். குதிர் உறையைக் கேட்டாலும் அவளுக்குக் கோழி நினைவு வந்துவிடும்.

"ஒன்றுமில்லை அக்கா. மாட்டுக்குத் தொட்டி கட்ட."

"மாட்டைத்தான் விற்றுவிட்டாயே?"

"வாங்கப் போகிறேன்."

அவள் அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தொட்டிக்குச் சுடுவதுபோல் சுட்டுக் கொடுத்தாள்.

கோடன் ஊருக்கு எட்டாத இடத்தில் தனியாகச் சோதித்துப் பார்த்தான். உறையை மணல்மேல் வைத்து, உள்ளே இறங்கி, விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரே அளவாகத் தோண்டினான். உறை தன் கனத்தில் இறங்கியது. அதன்மேல் இன்னோர் உறையை வைத்தான். அதுவும் இறங்கியது. மணல் வெளியே நின்றது, அவன் உள்ளே நின்றான். தம்பியை நினைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

பிறகு அரண்மனைக்குப் போனான். காக்கையை விரட்டிவிட்டுக் கல்லின்மேல் ஏறினான். மூன்று முறை சத்தியம் செய்தான். முதல் முறை உரக்கச் சொன்னான். இரண்டாம் முறை அத்தனை உரக்க இல்லை. மூன்றாம் முறை சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

ஆற்று நடுவில் வேலை தொடங்கியது. அரசன் பந்தல் போட்டு உட்கார்ந்தான். அறங்கூறும் பூதனார் அவன் பக்கத்தில் நின்றார். சட்டத்தில் ஒரு சொல்லும் பிசகாமல் மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர். ஊர் முழுதும் வெறுங்குடத்தோடு வந்து சுற்றி நின்றது.

முதல் உறை இறங்கியது. இரண்டாவது இறங்கியது. ஐந்தாவது இறங்கும்போது ஈர மணல் வந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர் அழுதார்.

ஏழாவது உறையில் எல்லாம் கெட்டது. உறைகள் ஒரு பக்கம் சாய்ந்தன. சாய்ந்த பக்கம் அழுந்தி நிற்க, எதிர்ப்பக்கம் இடைவெளி விட்டது. உறைக்கும் உறைக்கும் நடுவே மணலும் நீருமாகக் கசிந்து உள்ளே கொட்டியது. கோடனுக்கு முழங்கால்வரை வந்தது. பிறகு இடுப்புவரை வந்தது. கயிற்றைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டார்கள். தோலெல்லாம் சிராய்த்திருந்தது.

எவரும் பேசவில்லை. யோசனை இல்லாமல் இல்லை. சேந்தி கூட்டத்தின் முன் வரிசையில்தான் நின்றாள். உறைகளைப் பார்த்த உடனே என்ன தவறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். பூதனார் அவளைப் பார்த்தார். மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் அப்படித்தான் திறந்து மூடினார்கள். கிணற்றுக்குள் மணல் விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கோடனுக்கும் கேட்டது. தம்பிமேல் மண் விழுந்தபோது கேட்ட அதே சத்தம். சேந்தியின் மூடிய வாயை அவன் பார்த்தான். தன் வலக்கையைப் பார்த்தான். எழுந்து அரசன் முன்னால் போய் நின்றான்.

"அரசே, இது என் தலையில் மட்டும் பிறந்ததில்லை. நான் செய்தது பொய்ச் சத்தியம்."

 அரசன் முகம் கறுத்தது. யார் தலையில் பிறந்தது என்று கேட்டான். கோடன் சேந்தியின் முற்றத்தையும் உறையையும் கோழியையும் சொன்னான். கோழி என்றதும் எங்கோ யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

பூதனார் சட்டத்தைச் சொன்னார். பொய்ச் சத்தியம் செய்தவனின் கையை வெட்டி, பொருளுக்கு உரியவரின் காலடியில் வைக்க வேண்டும். வாளுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

அரசன் கிணற்றைப் பார்த்தான். வெறுங்குடங்களைப் பார்த்தான்.

"மணலுக்குள் இறங்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் மிச்சம். தண்ணீர் வரட்டும். அதுவரை அந்தக் கை அவனிடமே இருக்கட்டும்."

கோடன் வணங்கினான். பிறகு பூதனாரிடம் ஒன்று கேட்டான். பொருள் என்னுடையது அல்ல என்று சொல்லிவிட்டேன், இனி இதைப் பற்றி மற்றவர்கள் பேசினால் குற்றமா என்றான். பூதனார் சட்டத்தை முதலிலிருந்து ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உரியவர் யாரென்று முடிவாகும்வரை குற்றமில்லை என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, சேந்தி ஆரம்பித்துவிட்டாள்.

"தொட்டி என்றாய், தொட்டிக்குச் சுட்டேன். விளிம்பைத் தட்டையாக விட்டேன். கிணறு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், குதிருக்குப் பண்ணுவதுபோல் ஒன்றுக்குள் ஒன்று உட்காரப் பள்ளம் வைத்திருப்பேனே, பாவி. அந்தக் கையை வெட்டுவதற்கு முன்னால் நான் நாலு போடுகிறேன்."

இனி மேலே வைப்பதற்கு அதே அகலத்தில் குதிர் உறைகள் அவள் முற்றத்திலேயே இருந்தன. ஆட்கள் ஓடினார்கள். ஏற்கெனவே இறங்கிவிட்ட தட்டை உறைகளின் கசிவை என்ன செய்வது? ஓடக்காரர் திரையன் முன்னால் வந்தார். ஓடத்தில் பலகை இடுக்குக்குப் பனைநாரை முறுக்கி அடிப்போம், நனைய நனைய அது ஊதி அடைத்துக்கொள்ளும், மரத்துக்கு நிற்பது மண்ணுக்கும் நிற்கும் என்றார். சாய்ந்ததை எப்படி நிமிர்த்துவது? உப்பு விற்கும் வெண்ணி பின்னாலிருந்து கத்தினாள். என் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் தூக்கி நிற்கிற பக்கத்தில் மூட்டையை ஏற்றுவேன், இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை என்றாள். வருடக்கணக்காக வாய் மூடியிருந்த ஊர் அது. ஆளுக்கொன்று சொன்னார்கள். பாதி உதவாத யோசனை. நாரை எண்ணெயில் ஊறவைக்கலாம் என்றார்கள், ஊறவைத்த நார் ஊதவில்லை. உப்பு மூட்டையை ஈர உறைமேல் வைத்தார்கள், உப்பு கரைந்து ஓடியது. வெண்ணி அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். மூட்டையில் மணலைக் கட்டினார்கள்.

கோடன் மறுபடி இறங்கினான். உறைகள் நிமிர்ந்தன. கசிவு நின்றது. அவன் தோண்டினான்.

ஒவ்வொரு கூடை மணலும் ஊரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோயிற்று. அதே கூடை அவனை வாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிற்று. கூடையைத் தூக்கி விட்டவர்கள் அதைத் தெரிந்தே தூக்கினார்கள். அவன் மெதுவாகத் தோண்டியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் மெதுவாகத் தோண்டவில்லை.

மாலை வெயில் சாயும்போது கூடை வரவில்லை. ஒரு குடம் கேட்டான். இறக்கினார்கள். குடம் கனத்து மேலே வந்தது. அரசன் தானே வாயில் விட்டுப் பார்த்தான். நல்ல தண்ணீர்.

கோடன் மேலே வந்தான். ஊர் குடித்தது. குடித்து முடித்தவர்கள் அரண்மனை வாசலுக்குப் போனார்கள். வாளோடு ஒருவன் அங்கே நின்றிருந்தான்.

அரசன் சேந்தியை அழைத்தான். கல்லின்மேல் ஏறி உன் தலையில் பிறந்தது என்று சொல், கிணறு உன்னுடையது, உன் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சேரும், இந்த ஊர் உன் கையால் தண்ணீர் குடிக்கும் என்றான். சிறிய பரிசு அல்ல. சேந்தி கல்லைப் பார்த்தாள். கோடனைப் பார்த்தாள்.

"ஏற மாட்டேன் அரசே. இவன் என் முற்றத்துக்கு வராமல் இருந்திருந்தால், அந்தக் கோழியை அடித்து விரட்டியிருப்பேன். அவ்வளவுதான் என் தலையில் இருந்தது."

அரசன் திரையனை அழைத்தான். நான் ஓட்டையை அடைத்தேன், கிணறு வெட்டவில்லை என்றார் அவர். வெண்ணியை அழைத்தான். பாரம் ஏற்றச் சொன்னேன், அதிலும் என் உப்புதான் போனது என்றாள் அவள். மூன்று பேரும் ஏறவில்லை.

அரசன் பூதனாரைப் பார்த்தான். உரியவர் யாரும் இல்லையென்றால் கையை யார் காலடியில் வைப்பது என்று கேட்டான்.

பூதனார் சொன்னார்: "உரியவர் இல்லாத பொருள் அரசனுக்குச் சேரும் என்பது சட்டம். அரசே, தாங்கள்தான் ஏற வேண்டும். மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னதும் இவன் கையைத் தங்கள் காலடியில் வைப்பார்கள்."

அவர் அதை வேண்டுமென்றே சொன்னாரா, மனப்பாடத்திலிருந்து சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

ஆதிரையன் கல்லை நோக்கி நடந்தான். ஏறினான். வாள் வைத்திருந்தவன் கோடனின் கையைப் பிடித்து மரக்கட்டைமேல் வைத்தான். கோடன் கண்ணை மூடவில்லை.

"இது என் தலையில்" என்று அரசன் ஆரம்பித்தான்.

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஊர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் ஈரம் காயாத முகங்கள். அந்தத் தண்ணீர் தன் தலையில் பிறக்கவில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தனக்கும் தெரியும். மறுபடி வாயைத் திறந்தான். மறுபடி அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறை அவன் வேறொன்றைக் கேட்டான்.

"பூதனாரே, இதை நான் சொல்லி முடித்தால் அதுவும் பொய்ச் சத்தியம். அப்போது என் கையை யார் காலடியில் வைப்பீர்கள்?"

பூதனார் வாழ்க்கையில் முதல் முறையாக, தெரியாது என்றார்.

அரசன் கீழே இறங்கினான். தனக்கே செய்ய முடியாத சத்தியத்தை மற்றவர்களிடம் கேட்டுவந்தேன், இன்றோடு அது போதும் என்றான். வாள்காரனை விலகச் சொன்னான். கோடனின் கை, பிடிப்பவர் இல்லாமல், கட்டையின்மேல் அப்படியே கிடந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே கொஞ்ச நேரம் ஆனது.

சேந்தி ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்தவன் அதுவரை ஒரு வாய் குடிக்கவில்லை. வலக்கையால் வாங்கினான்.  முழுதும் குடித்தான்.

இந்தக் கதை சொல்வது ஒன்றுதான்: எந்தப் புது எண்ணமும் பலருடைய பேச்சிலும் பிழையிலும் கூடித்தான் பிறக்கிறது என்பதால், அதை ஒரே தலைக்குள் பூட்டி வைக்கிற ஊர் தாகத்தோடுதான் நிற்கும்.